ஒரே கட்டடம், ஒரே மணி: கம்பியில்லாமல் ஒத்து ஓடும் கடிகாரங்கள்

சில வருடங்களுக்கு முன் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராக வேறொரு பள்ளிக்குப் போயிருந்தேன். 10 மணிக்கு வினாத்தாள். படித்துப் பார்க்க 10 நிமிடம், முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். 10:15க்கு எழுதத் தொடங்கினால் 1:15க்கு லாங் பெல். எல்லாமே மணியடித்துத்தான் நடக்கும். அறையில் கரும்பலகைக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டியிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த மாணவி அதை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே எழுதினாள். கடிகாரம் 1:11 காட்டும்போது வெளியே லாங் பெல் அடித்துவிட்டது. கடைசிக் கேள்விக்குப் படம் வரைந்து முடித்து, பாகங்களைக் குறிக்க ஆரம்பித்திருந்தாள். பேனாவை வைக்காமல் என்னைப் பார்த்தாள், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் விடைத்தாளை வாங்கிக்கொண்டேன். மணி அடித்த பிறகு வேறு வழியில்லை.

அந்தக் கடிகாரம் பழுதானதில்லை. பேட்டரி இருந்தது, முள் ஓடியது. அலுவலகத்துக் கடிகாரத்தைவிட 4 நிமிடம் பின்னால் ஓடியது, அவ்வளவுதான். காலையில் அறைக்குள் நுழைந்ததுமே என் கைக்கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. நீட் தேர்வுக்குக் கைக்கடிகாரமே கட்டிப் போகக் கூடாது என்ற விதியைப் படிக்கும்போதெல்லாம் அந்த மாணவியின் முகம்தான் ஞாபகம் வருகிறது. சுவரில் இருப்பது தப்பாக இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

ஒரு கட்டடத்திலுள்ள கடிகாரங்கள் அத்தனையும் ஒரே நேரத்தைக் காட்ட வைப்பது எப்படி என்று அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை முதல் படியிலிருந்து சொல்கிறேன்.

நல்ல கடிகாரமும் ஏன் தவறுகிறது?

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் கடிகாரத்துக்குள் அரிசிமணி அளவில் ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் இருப்பது குவார்ட்ஸ் படிகம். இசைக்கவை போல இரண்டு கால் கொண்ட வடிவத்தில் வெட்டியிருப்பார்கள். பேட்டரியின் மின்சாரம் பட்டதும் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண் என்றால், இதைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். கடிகாரத்திலுள்ள சிப் செய்வது அந்த வேலையைத்தான். பாதி, பாதியில் பாதி என்று 15 தடவை குறைத்து, விநாடிக்கு ஒரு துடிப்பை மோட்டாருக்குக் கொடுக்கும். முள் ஒரு படி நகரும்.

படிகத்தை எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அது சரியாக 32,768 முறை அதிராது. துளி கூடும், துளி குறையும். பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் பிசகு இருந்தால், நாளொன்றுக்கு 1.7 விநாடி போய்விடும். வெயிலும் அதைப் பாதிக்கும். இந்த வகைப் படிகங்களை 25 டிகிரி வெப்பத்தில் சரியாக அதிரும்படி செய்கிறார்கள். அதைவிடச் சூடு ஏறினாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். 40 டிகிரியில் நாளுக்கு அரை விநாடிக்கும் மேலே பின்தங்கும். மேற்குப் பார்த்த சுவரில், மத்தியானம் முழுக்க வெயில் காயும் வகுப்பறையில் இருக்கும் கடிகாரமும், ஏசி போட்ட அலுவலக அறையில் இருக்கும் கடிகாரமும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கலாம். மே மாதம் முடியும்போது இரண்டும் ஒத்துப்போகாது.

நாளுக்கு ஒரு விநாடி என்றே வைத்துக்கொள்வோம். 300 நாளில் 300 விநாடி, அதாவது 5 நிமிடம். ஜூனில் பள்ளி திறக்கும்போது சரிபண்ணி மாட்டிய கடிகாரம், பொதுத்தேர்வு வரும் நேரத்துக்கு அந்த மாணவி பார்த்த நிலைக்கு வந்துவிடும். யாரும் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை.

பேட்டரி தீரும் நேரத்துக் கதை தனி. விநாடி முள் 9க்குப் பக்கத்தில் வந்து, மேலே ஏற முடியாமல் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில்தான் முள்ளின் எடையை எதிர்த்து அதிகம் தூக்க வேண்டியிருக்கிறது. அப்படி முழுசாக நின்றுபோனால் பரவாயில்லை, யாராவது கவனித்துச் சொல்லிவிடுவார்கள். சில நிமிடம் நின்று, மறுபடி ஓடி, மறுபடி நிற்கும் கடிகாரம்தான் ஆபத்து. பார்ப்பவருக்கு அது ஓடிக்கொண்டிருப்பது போலவே தெரியும்.

ஒத்து ஓடுவது ஒன்று, சரியாக ஓடுவது இன்னொன்று

இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். 2018ஆம் ஆண்டு ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பாவில் ஒரு விசித்திரம் நடந்தது. பல நாடுகளில் சமையலறை ஓவனிலும் ரேடியோ அலாரத்திலும் இருந்த கடிகாரங்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, கடைசியில் ஏறக்குறைய 6 நிமிடம் பின்னால் போய்விட்டன. அந்தக் கடிகாரங்களுக்குள் படிகம் கிடையாது. வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையை, அதாவது விநாடிக்கு 50 முறை வரும் அலையை, எண்ணித்தான் அவை விநாடியைக் கணக்கிடும். செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான மின்சாரத் தகராறில், பல நாடுகளை இணைக்கும் மின்கட்டமைப்பின் சராசரி அதிர்வெண் 50க்குச் சற்றே கீழே, 49.996க்கு இறங்கியிருந்தது. அதன் விளைவு பல நாட்டு வீடுகளில் தெரிந்தது. அத்தனை கடிகாரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. அத்தனையும் தப்பு.

பள்ளிக்கூடத்துக்கு எது முக்கியம் என்று கேட்டால் என் பதில் இது: முதலில் ஒத்துப்போக வேண்டும், அடுத்து சரியாக இருக்க வேண்டும். பள்ளி முழுக்கவே 2 நிமிடம் முன்னால் ஓடினால், அன்றைய பாடவேளைகளில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு வகுப்பறை மட்டும் 2 நிமிடம் தள்ளிப்போனால் அங்கே இருக்கும் 40 பிள்ளைகளுக்கு நஷ்டம். ஆனால் ஊரிலுள்ள எல்லாத் தேர்வு மையமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டிய நாளில் இரண்டுமே தேவைப்படுகிறது. அதனால் கட்டடத்துக்குள்ளிருந்து மட்டும் நேரத்தை எடுத்தால் போதாது. வெளியிலிருந்து, எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும்.

நேரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு காலத்தில் சென்னையில் பீரங்கிச் சத்தமாக வந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானியல் ஆய்வகம் கட்டப்பட்டது. நட்சத்திரங்கள் உச்சியைக் கடக்கும் நேரத்தைப் பார்த்து அங்கே கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். அந்தக் கணக்கில் இரவு 8 மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். கேட்டவர்கள் தங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். யோசித்துப் பார்த்தால், கம்பியில்லாமல் ஊர் முழுக்க நேரத்தை அனுப்பும் முறைதான் இதுவும். ஒரே குறை, சத்தம் மெதுவாகப் போகும். விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். கோட்டையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மயிலாப்பூருக்குப் போய்ச் சேர 15 விநாடி ஆகிவிடும். மயிலாப்பூர்க்காரர் அந்தச் சத்தத்தை நம்பிக் கடிகாரத்தை வைத்தால் கால் நிமிடம் பின்தங்கித்தான் வைப்பார். ரேடியோ அலைக்கு அந்தத் தொல்லை இல்லை. அது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் போய்விடும். பள்ளி வளாகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அதற்குமேல் தூரம் இருப்பது அபூர்வம்.

அந்த மெட்ராஸ் நேரம்தான் பல வருடம் இந்திய ரயில்களுக்கும் பொது நேரமாக இருந்தது. 1906 ஜனவரி 1 முதல், கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டிய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னை நேரம் அதைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால் இருந்தது.

இன்றைக்கு அந்தப் பீரங்கியின் இடத்தில் இருப்பது புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். என்பிஎல் என்பார்கள். இந்திய நேரத்தைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையது. அங்கே இருப்பவை அணுக் கடிகாரங்கள். 1967இல் விநாடிக்கு உலகம் ஒத்துக்கொண்ட இலக்கணம் இதுதான்: சீசியம் 133 அணு உமிழும் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அலைந்து முடிக்கும் நேரம். சீசியம் அணு வேலூரிலும் அதே மாதிரிதான், டெல்லியிலும் அதே மாதிரிதான். குவார்ட்ஸ் படிகத்தைப் போல ஆளுக்கு ஆள் மாறாது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே அவை இடைவிடாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. நாம் அதை வழிகாட்டியாகத்தான் நினைக்கிறோம். உண்மையில் அது முதலில் ஒரு கடிகாரம். நேரத்தைத் துல்லியமாகச் சொல்வதால்தான் அதனால் இடத்தையும் சொல்ல முடிகிறது. மொட்டைமாடியில் ஒரு சின்ன ஆன்டெனா வைத்தால் போதும், இந்த நேரம் இலவசமாக வந்து இறங்கும்.

பையனிடம் சீட்டுக் கொடுத்தனுப்புவது போல

இன்டர்நெட் வழியாக நேரம் எடுக்கும் முறைக்கு என்டிபி என்று பெயர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் உருவாக்கியது. 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இன்று உங்கள் கம்ப்யூட்டர் சரியான நேரம் காட்டினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் நேரம் ஓடிவிடுகிறதே? அதை மில்ஸ் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வகுப்பறையை வைத்தே சொல்லலாம்.

நான் மேல் மாடியில் ஒரு வகுப்பில் இருக்கிறேன். அலுவலகத்துக் கடிகாரம் சரியானது. ஒரு பையனிடம் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் கிளம்பும்போது என் கடிகாரத்தில் மணி 10:00:00. சீட்டில் எழுதிவிடுகிறேன். அவன் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அங்கே இருப்பவர் தன் கடிகாரத்தைப் பார்த்து 10:04:00 என்று எழுதுகிறார். 10 விநாடி கழித்து, 10:04:10 என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். பையன் என்னிடம் வந்து சேரும்போது என் கடிகாரத்தில் 10:02:10.

இப்போது கணக்குப் போடுவோம். என் கணக்கில் அவன் போய் வர ஆன நேரம் 2 நிமிடம் 10 விநாடி. அதில் 10 விநாடி அலுவலகத்தில் நின்றான். நடந்த நேரம் 2 நிமிடம். போக ஒன்று, வர ஒன்று. ஆக, அவன் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது என் கடிகாரம் 10:01:00 காட்டியிருக்கும். அங்கே 10:04:00. என் கடிகாரம் 3 நிமிடம் பின்னால். முள்ளை 3 நிமிடம் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது.

போக எவ்வளவு நேரமோ வரவும் அவ்வளவே என்று நம்பிப் போட்ட கணக்கு இது. திரும்பி வரும் வழியில் பையன் தண்ணீர்க் குழாயடியில் நின்றுவிட்டால் கணக்குப் பிசகும். அதனால்தான் என்டிபி ஒரே ஒரு பையனை அனுப்பி நிறுத்திக்கொள்வதில்லை. பல முறை கேட்கும், பல சர்வர்களிடமும், அதாவது நேரம் சொல்லும் கம்ப்யூட்டர்களிடமும், கேட்கும். சீக்கிரம் போய் வந்த பதில்களை அதிகம் நம்பும், தாமதமாக வந்ததைத் தள்ளிவிடும். இப்படிச் செய்து சாதாரண இன்டர்நெட் இணைப்பிலேயே விநாடியின் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நேரத்தைப் பிடித்துவிட முடிகிறது. சுவர்க் கடிகாரத்துக்கு இது தாராளம்.

குழாயிலும் கம்பியிலும் வந்த காலம்

ஒரு கட்டடத்துக்குள் கடிகாரங்களை ஒத்து ஓடவைக்கும் ஆசை பழசு. பாரிஸ் நகரில் 1880 முதல் அழுத்தக் காற்றைக் குழாய் வழியாக அனுப்பி, நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தள்ளு தள்ளித் தெருக் கடிகாரங்களின் முள்ளை நகர்த்தினார்கள். 1910 ஜனவரியில் சென் நதி வெள்ளம் காற்று நிலையத்துக்குள் புகுந்தபோது, நகரத்துக் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் நின்றன. பின்னால் வந்தது மின்கம்பி. ஒரு மாஸ்டர் கடிகாரம், அதிலிருந்து கம்பி இழுத்த ஸ்லேவ் கடிகாரங்கள். நிமிடத்துக்கு ஒரு மின்துடிப்பு. ரயில் நிலையங்களிலும் ஆலைகளிலும் இந்த முறை நெடுநாள் இருந்தது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கட்டி முடித்த பள்ளியில் 40 அறைக்கும் சுவரைக் கொத்திக் கம்பி இழுக்க எந்தத் தாளாளர் ஒத்துக்கொள்வார்?

கம்பியில்லா அமைப்பு வேலை செய்யும் விதம்

ஒரு மாஸ்டர் பெட்டி. அது ஜிபிஎஸ்ஸிலிருந்தோ என்டிபி சர்வரிலிருந்தோ நேரத்தை வாங்கும். அதே பெட்டியில், அல்லது பக்கத்தில், ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர். வகுப்பறைக் கடிகாரங்களுக்குள் ரிசீவர். அவ்வளவுதான் அமைப்பு.

கான்கிரீட் கூரையும் இரும்புக் கம்பியும் நிறைந்த கட்டடத்தில் ஒரே டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் எல்லா அறைக்கும் போகாது. இதற்கு நடைமுறையில் இரண்டு வழி இருக்கிறது. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை நடுவில் வைப்பது ஒன்று. மின்சாரத்தில் ஓடும் கடிகாரங்களாக இருந்தால், தான் கேட்டதை அடுத்த கடிகாரத்துக்குத் திருப்பிச் சொல்லும்படி அவற்றையே அமைப்பது இன்னொன்று. வரிசையில் நிற்பவர்கள் செங்கலைக் கை மாற்றிக் கொடுப்பது போல நேரம் அறை அறையாகப் போகும்.

பேட்டரிக் கடிகாரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ரிசீவர் எப்போதும் விழித்திருந்தால் பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும். அதனால் அது நாளில் சில முறை மட்டும் விழித்து, நேரத்தைக் கேட்டு, தன்னைச் சரிசெய்துகொண்டு தூங்கிவிடும். நடுவில் ஓட்டுவது அதே பழைய குவார்ட்ஸ் படிகம்தான். ஒரு நாளில் ஒரு விநாடி தவறும் படிகத்தை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திருத்தினால், தவறு கால் விநாடியைத் தாண்டாது. இந்தக் கடிகாரத்தின் படிகம் கடையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரத்தின் படிகத்தைவிட ஒன்றும் ஒசத்தி இல்லை. திருத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

முள் கடிகாரத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சாதாரண சுவர்க் கடிகாரத்துக்குத் தன் முள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு படி எண்ணி நடப்பது போலத்தான் அது ஓடுகிறது. பின்னாலுள்ள திருகை நாம் திருப்பினால்கூட அதற்குத் தெரியாது. சரியான நேரம் 9:20 என்று ரேடியோவில் கேட்டுவிட்டால் மட்டும் போதுமா? முள் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு நகர்த்துவது என்று முடிவு செய்ய முடியும்? அதற்காகப் பல்சக்கரங்களில் சின்னத் துளை வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் குட்டி விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் கண். முள்ளெல்லாம் 12க்கு வரும்போது துளைகள் ஒரே கோட்டில் வரும், வெளிச்சம் மறுபக்கம் தெரியும். அந்த நொடியில் கடிகாரத்துக்குத் தன் இடம் தெரிந்துவிடும். அங்கிருந்து படி எண்ணி 9:20க்கு ஓடும். புதுப் பேட்டரி போட்டதும் இவ்வகைக் கடிகாரங்கள் முள்ளை விறுவிறுவென்று சுற்றி 12இல் கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்தால், ரிப்பேர் என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வாங்கும்போது ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஆன்லைனில் ‘அட்டாமிக் கிளாக்’, ‘ரேடியோ கண்ட்ரோல்டு’ என்று வெளிநாட்டுக் கடிகாரங்கள் வரும். அவை தங்கள் நாட்டு நேர நிலையத்தைக் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் கொலராடோவிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸில், ஜெர்மனியில் பிராங்க்பர்ட் அருகிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில், ஜப்பானில் 40, 60 கிலோஹெர்ட்ஸில் நேரம் ஒலிபரப்பாகிறது. இந்தியாவில் அப்படி ஒரு நிலையம் கிடையாது. இங்கே மாட்டினால் அது வெறும் குவார்ட்ஸ் கடிகாரமாகத்தான் ஓடும்.

பள்ளிகளுக்கென்று அமெரிக்காவில் விற்கும் முழு அமைப்புகளிலும் இதே கவனம் வேண்டும். அவற்றில் பல 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, அங்கே உரிமம் தேவைப்படாத 902 முதல் 928 வரையிலான பட்டையில் இயங்குகின்றன. நம் நாட்டில் அந்தப் பகுதியில் செல்போன் சேவை இருக்கிறது. இங்கே உரிமமில்லாமல் பயன்படுத்தக் கூடியவற்றில் சில, 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும், வைஃபை, புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும். விற்பவரிடம் எந்த அலைவரிசை, ரேடியோ கருவிகளுக்கு அரசு தரும் ஈடிஏ ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அமெரிக்க விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடும் இன்னொரு வசதியையும் மறந்துவிடலாம். அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைக்க வேண்டும். ஆயிரம் கடிகாரம் உள்ள கல்லூரியில் அது பெரிய வேலை. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை.

வைஃபை கடிகாரம்

கட்டடம் முழுக்க ஏற்கெனவே வைஃபை இருந்தால் தனி டிரான்ஸ்மிட்டர் வேண்டாம். கடிகாரமே நெட்வொர்க்கில் சேர்ந்து, என்டிபி மூலம் நேரத்தை எடுத்துக்கொள்ளும். விலை குறைவு. சின்னப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் இதுதான் கைக்கு எட்டும்.

நான் உதவிக்குப் போன ஒரு இடத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார்கள். மாதக்கணக்கில் அருமையாக ஓடின. அப்புறம் யாரோ பாதுகாப்புக்காக வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார்கள். மாற்றியவருக்குக் கடிகாரம் ஞாபகத்தில் இல்லை. கடிகாரங்கள் எதுவும் நிற்கவில்லை, சத்தமும் போடவில்லை. நேரத்தைக் கேட்க முடியாமல், சொந்தப் படிகத்தை நம்பி ஓடிக்கொண்டே இருந்தன. ஏழெட்டு வாரம் கழித்து இரண்டு அறைகளுக்கு நடுவே ஒன்றரை நிமிட வித்தியாசம் தெரிந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இரண்டு. கடிகாரங்களுக்கென்று தனி வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். நேரம் கிடைக்காதபோது அதைக் காட்டிக்கொடுக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன விளக்கு எரிந்தாலே போதும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். மாட்டியதும் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பழுதில்லை. கிரீன்விச் நேரத்தைக் காட்டுகிறது, இந்திய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெட்வொர்க்கே கண்ணில் படவில்லை என்றால், உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதா பாருங்கள். இத்தகைய கடிகாரங்களில் பெரும்பாலானவை 2.4ஐ மட்டுமே கேட்கும்.

வேலையிடத்தில்

பள்ளியில் நேரம் தவறினால் மதிப்பெண் போகும். வேலையிடத்தில் சம்பளம் போகும். ஷிப்டுக்கு 5 நிமிடம் முன்னாலேயே கேட்டுக்குள் நுழைந்த தொழிலாளி, சுவரில் மணி 8:59 என்று பார்த்துக்கொண்டே வந்து விரல் வைக்கிறார். பயோமெட்ரிக் கருவி 9:01 என்று பதிவு செய்கிறது. மூன்று ‘லேட்’ சேர்ந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. அவர் யாரிடம் போய் நிரூபிப்பார்? வருகைக் கருவியும், சுவர்க் கடிகாரமும், சைரனும், சிசிடிவி பதிவும் ஒரே இடத்திலிருந்து நேரம் வாங்கினால் இந்தத் தகராறுக்கு இடமே இல்லை. சைரன் அடிக்கும் ரிலே என்ற மின் ஸ்விட்சை மாஸ்டர் பெட்டியே இயக்கும்படி வைத்துவிடலாம். பள்ளியில் பெல் அடிப்பதற்கும் இதுவே சிறந்த வழி. வகுப்பறைக் கடிகாரமும் பெல்லும் ஒரே பெட்டிக்குக் கட்டுப்பட்டால், 1:11க்கு லாங் பெல் அடிக்காது.

அரசும் இதைக் கவனிக்கிறது. கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் அமைப்புகளின் நேரத்தைத் தேசிய தகவலியல் மையம் அல்லது என்பிஎல்லின் என்டிபி சர்வர்களோடு ஒத்துவைக்க வேண்டும், அல்லது அவற்றோடு தொடர்புள்ள சர்வர்களைப் பயன்படுத்த வேண்டும் என்றது. எந்த இயந்திரத்தில் எது முதலில் நடந்தது என்று விசாரிக்க, பதிவுகளின் நேரம் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் காரணம். கம்ப்யூட்டர்களுக்கு வைத்த அந்த உள் சர்வரையே சுவர்க் கடிகாரங்களுக்கும் காட்டிவிட்டால் கூடுதல் செலவு அதிகமில்லை.

உங்களுக்கு இது தேவையா?

எட்டுப் பத்து அறை உள்ள பள்ளிக்குத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பணத்துக்கு நூலகத்தில் புத்தகம் வாங்கலாம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஒருவர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் கடிகாரத்தைத் திருத்தினால் போதும். செல்போனில் தானியங்கி நேரம் இயக்கத்தில் இருக்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் எந்த மாதமானாலும் இன்னொரு சுற்று.

முப்பது நாற்பது அறையைத் தாண்டினாலோ, இரண்டு மூன்று கட்டடம் இருந்தாலோ, ஷிப்ட் ஓடும் ஆலையாக இருந்தாலோ அமைப்பு வாங்குவது நியாயம். வாங்கும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு கடிகாரத்தையும் மாஸ்டர் பெட்டியையும் மட்டும் ஒரு நாள் கடனாகக் கேளுங்கள். பெட்டியை நிரந்தரமாக வைக்கப்போகும் இடத்தில் வையுங்கள். அங்கிருந்து தூரமான, சிக்னல் சேரவே கஷ்டப்படும் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வகத்துக்குப் பின்னால் இரும்பு அலமாரிகள் அடுக்கிய அறை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கடிகாரத்தை வேண்டுமென்றே 7 நிமிடம் தப்பாக வைத்து, அங்கே மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை முதல் பெல்லுக்கு முன் செல்போனோடு போய்க் கதவைத் திறந்து பாருங்கள். விநாடி முள்ளும் செல்போனும் ஒன்றாக நகர்ந்தால் மீதிக் கடிகாரங்களுக்கு ஆர்டர் கொடுக்கலாம். 7 நிமிடத் தவறு அப்படியே இருந்தால், ரிப்பீட்டர் எத்தனை வேண்டும், அதன் விலை என்ன என்று கேட்டுவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.